ஐந்து நாள் அவுட்டோர் ஸ்கூல்: மகளை அனுப்பலாமா? அங்கே உண்மையில் என்னதான் சொல்லித்தருகிறார்கள்?

ஆறாம் வகுப்பு அம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். மகளுக்கு 11 வயது. பள்ளியிலிருந்து ஐந்து பகல், நான்கு இரவு, காட்டோரத்தில் இருக்கும் ஓர் அவுட்டோர் ஸ்கூலுக்குக் கூட்டிப்போகிறார்களாம். அங்கேயே தங்கல், அங்கேயே பாடம். வேறு மூன்று பள்ளிப் பிள்ளைகளும் அதே வாரம் வருகிறார்கள். கொடுத்தனுப்பிய தாளில் "இயற்கையையும் பன்மையையும் அனுபவித்துக் கற்றல்" என்று ஒரு வரி, கீழே பெற்றோர் கையெழுத்துக்கு ஓர் இடம். வேறு தகவலே இல்லை.

இவள் இதுவரை ஒரு ராத்திரிகூட எங்களை விட்டுத் தனியாகப் படுத்ததில்லை. கூச்ச சுபாவம். வகுப்பில் இரண்டு தோழிகள், அவர்களைத் தாண்டி யாரிடமும் வாய் திறக்கமாட்டாள். போன் கொண்டுபோகக் கூடாதாம். வீட்டுக்காரர் "சுற்றுலாவுக்குப் புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இயற்கை என்பது எனக்குப் புரிகிறது. இந்தப் பன்மையை ஐந்து நாளில் எப்படிச் சொல்லித்தருவார்கள்? "எல்லோரும் சமம், வேற்றுமையை மதிப்போம்" என்று அட்டையில் எழுதி ஒட்டச் சொல்வார்களா? அதற்கு அவ்வளவு தூரம் போகவேண்டுமா என்ன?

அவள் போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "நீயே சொல்லும்மா" என்கிறாள். அதுதான் இன்னும் குழப்பம்.

---

இரண்டு பையன்களின் அப்பா எழுதியது:

அனுப்புங்கள். ஆனால் "பிடிக்கலேன்னா சொல்லு, உடனே வந்து கூட்டிக்கிட்டு வந்துடறேன்" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். பெரியவனை நான் அப்படித்தான் அனுப்பினேன். நல்லது செய்வதாக நினைப்பு. முதல் இரவு லேசாக வயிற்றைப் பிசைந்ததும் அவனுக்கு அந்த வாக்குறுதிதான் ஞாபகம் வந்திருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு தொங்கிவிட்டான். "அப்பா வருவார்" என்று சொன்ன பிறகு அவன் ஏன் அங்கே மனசைச் செலுத்தப்போகிறான்? மூன்றாம் நாள் காலையில் போய்க் கூட்டிவந்தேன். கார் கிளம்பிப் பத்து நிமிஷத்தில் "இன்னைக்கு ஓடைக்குப் போறாங்கப்பா" என்று அழ ஆரம்பித்துவிட்டான். சின்னவனிடம் எதுவும் சொல்லவில்லை. "வீட்டு ஞாபகம் வரும், எல்லாருக்கும் வரும், ராத்திரி அதிகமா இருக்கும், காலையில் குறைஞ்சுடும்" என்று மட்டும் சொன்னேன். ஓடிவிட்டது.

அதற்கு முன்னால் சொந்தக்காரர் வீட்டிலோ தோழி வீட்டிலோ ஓரிரண்டு இரவு படுக்கவிட்டுப் பாருங்கள். ஒத்திகை மாதிரி.

இன்னொரு ஆதங்கம். சின்னவன் போன இடத்தில் கொண்டுவரவேண்டிய பொருட்கள் என்று ஒரு நீளப் பட்டியல் கொடுத்தார்கள். முழங்கால் வரை பூட்ஸ், மழைக்கோட்டு, தலையில் மாட்டும் டார்ச், இன்னும் என்னென்னவோ. வாங்க முடிந்தவர்கள் வாங்கினோம். ஓடைக்குப் போன அன்று பூட்ஸ் இருந்த பிள்ளைகள் தண்ணீருக்குள், இல்லாத பிள்ளைகள் கரையில் உட்கார்ந்து நோட்டில் குறிப்பு எழுதினார்களாம். அன்று மாலை அதே இடத்தில் "நாம் அனைவரும் ஒன்று" என்று பாட்டு. என் பையன்தான் வந்து சொன்னான், அவனுக்கே அது உறுத்தியிருக்கிறது. பூட்ஸையும் மழைக்கோட்டையும் அவர்களே வைத்திருந்து எல்லோருக்கும் கொடுக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள்.

---

மரப்பட்டை எழுதியது:

இந்த மாதிரி ஓரிடத்தில் பல வருடம் பயிற்றுநராக இருந்தேன், இப்போது இல்லை, அதனால் மனம்விட்டு எழுதலாம். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் வீட்டுக்காரர் சொன்னதற்கு. சுற்றுலாவில் பிள்ளைகள் பார்த்துவிட்டு வருவார்கள். இங்கே ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவார்கள், வித்தியாசம் அதில்தான். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு மரத்தடியையோ பாறையையோ தேர்ந்தெடுத்து தினமும் பதினைந்து நிமிஷம் பேசாமல் உட்காரவேண்டும். முதல் நாள் நெளிவார்கள், கல்லெறிவார்கள். மூன்றாம் நாள் "நேத்து இருந்த சிலந்தி வலை இன்னைக்கு இல்ல" என்று ஒருவன் வந்து நிற்பான். அப்புறம் ஒரு மீட்டர் கயிற்றைத் தரையில் வட்டமாகப் போட்டு, உள்ளே எத்தனை வகை உயிர் இருக்கிறது என்று எண்ணச் சொல்வோம். "ஒண்ணுமில்ல, வெறும் சருகு" என்பார்கள். அந்தச் சருகை வெள்ளைத் துணியில் உதறி, கைக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் அரை மணி நேரம் யாரும் எழுந்திருக்கமாட்டார்கள். இதையே வெட்டிச் சமன்செய்த புல்தரையிலும் செய்யவைத்து இரண்டு எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், பல்லுயிர் வளம் என்ற சொல்லைப் பலகையில் எழுத வேண்டிய அவசியமே வராது.

ஓடையில் கல்லைப் புரட்டுவது எனக்குப் பிடித்த பாடம். கல்லடியில் மேஃபிளை, ஸ்டோன்ஃபிளை இவற்றின் இளம்பூச்சிகள் இருந்தால் தண்ணீர் சுத்தம், பிராணவாயு நிறைய இருக்கிறது என்று அர்த்தம், அழுக்கை அவை தாங்காது. கேடிஸ்ஃபிளை என்று ஒன்று, அதன் புழுக்களில் பல வகை மணலையும் குச்சித் துண்டையும் தன் வாயிலிருந்து வரும் பட்டு நூலால் ஒட்டித் தனக்கே ஒரு குழாய்வீடு கட்டி, அதை இழுத்துக்கொண்டே நடக்கும். பார்க்கக் குப்பை மாதிரிதான் இருக்கும். அதை முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் வகுப்பில் முதல் மாணவனாக இருக்காது. பேசாமல், அவசரப்படாமல், ஒரே கல்லை விடாமல் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையாக இருக்கும். உங்கள் மகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு அந்தப் புழுதான் ஞாபகம் வந்தது, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

(புரட்டிய கல்லை இருந்தபடியே திருப்பி வைக்கவேண்டும். இதற்கு மட்டும் நான் கத்துவேன்.)

சரி, பன்மை. இதில்தான் பல இடங்கள் கோட்டைவிடுகின்றன. நாலு பள்ளிப் பிள்ளைகளை ஒரே இடத்தில் கொண்டுவந்து விட்டால் தானாக ஒட்டிக்கொள்வார்கள் என்று நினைப்பு. ஒட்டமாட்டார்கள். 1954-இல் முசாஃபர் ஷெரீஃப் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் ஒக்லஹோமாவின் ராபர்ஸ் கேவ் பூங்காவில் ஒரு கோடை முகாம் நடத்தினார். 22 பையன்கள், கிட்டத்தட்ட உங்கள் மகள் வயது, ஒருவரையொருவர் முன்பின் தெரியாதவர்கள், எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரிக் குடும்பத்துப் பிள்ளைகள். இரண்டு குழுவாகப் பிரித்துப் போட்டி வைத்தார். சில நாளிலேயே ஒரு குழு மற்றதன் கொடியைக் கொளுத்தியது, அறைக்குள் புகுந்து சாமான்களை வாரி இறைத்தார்கள். அதற்குப் பிறகு ஒன்றாகச் சாப்பிட வைத்தார், ஒன்றாகப் படம் போட்டுக் காட்டினார், ஒன்றும் நடக்கவில்லை, சாப்பாட்டை எடுத்து எறிந்துகொண்டார்கள். மாற்றம் எப்போது வந்தது என்றால், தண்ணீர் வராமல் போய் எல்லோரும் சேர்ந்து என்ன கோளாறு என்று தேடியபோதும், கிளம்பாத லாரியைக் கயிறு கட்டி எல்லோரும் சேர்ந்து இழுத்தபோதும்தான். பையன்களுக்கே தெரியாமல் அவர்களை வைத்துச் சோதனை செய்தது சரியா என்று பிற்பாடு நிறைய விமர்சனம் வந்தது, எனக்கும் அது உறுத்தல்தான். ஆனால் ஒரே பந்தியில் உட்காரவைப்பது போதாது என்பதை நான் ஒவ்வொரு வாரமும் கண்ணால் பார்த்தேன்.

அதே 1954-இல் கார்டன் ஆல்போர்ட் என்ற இன்னொரு உளவியலாளரும் இதைப் பற்றி எழுதினார். வெவ்வேறு தரப்பினர் பழகி, ஒருவர் மேல் ஒருவருக்கு உள்ள வெறுப்பு குறையவேண்டும் என்றால் அங்கே எல்லோருக்கும் ஒரே தகுதி இருக்கவேண்டும், பொதுவான ஒரு குறிக்கோள் வேண்டும், போட்டி போடாமல் சேர்ந்து உழைக்கவேண்டும், பொறுப்பில் இருப்பவர்கள் அதற்குத் துணைநிற்கவேண்டும் என்றார். மேலே நண்பர் சொன்ன பூட்ஸ் கதையில் முதல் நிபந்தனையே அடிபட்டுப்போகிறது பாருங்கள்.

ஆகவே பாடத்திட்டத்தைக் கேட்பதைவிட, படுக்கையை யார் எப்படிப் பிரிக்கிறார்கள் என்று கேளுங்கள். ஓர் அறையில் ஒரே பள்ளிப் பிள்ளைகள் மட்டுமா, கலந்தா? சாப்பிட்ட பிறகு மேசை துடைப்பது, தட்டு கழுவுவது யார்? பிள்ளைகளே என்றால் நல்ல இடம். நாங்கள் ஒவ்வொரு வேளையும் தட்டில் மிஞ்சியதை எல்லாம் ஒரே வாளியில் கொட்டி எடைபோட்டு, கரும்பலகையில் எழுதுவோம். குழுவுக்குக் குழு போட்டி கிடையாது, மொத்தக் கூட்டத்துக்கும் ஒரே எண். வெள்ளிக்கிழமைக்குள் அந்த எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று யார் யாரோ யார் யாரிடமோ பேச ஆரம்பிப்பார்கள். "உனக்கு இது வேண்டாம்னா முதல்லயே சொல்லு, நான் எடுத்துக்கறேன்" என்பதுதான் பல நட்புகளில் முதல் வாக்கியம்.

என்னுடைய ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். இரவு நடை என்று ஒன்று உண்டு. டார்ச்சை அணைத்துவிட்டுக் காத்திருப்போம். இருட்டில் பார்க்க உதவும் விழித்திரை செல்கள் முழுதாகப் பழக இருபது முப்பது நிமிஷமாவது ஆகும், அதற்கப்புறம் நிலா இல்லாமலேயே பாதை தெரியும், நிறம் மட்டும் தெரியாது. பிள்ளைகள் பிரமித்துப்போவார்கள். ஒரு வாரம் காது கேளாத ஒரு சிறுமி வந்திருந்தாள், கூடவே சைகைமொழி பெயர்ப்பாளர். பகலெல்லாம் அருமையாகப் போனது. இரவில் வழக்கம்போல "எல்லாரும் லைட்டை அணைங்க" என்றேன். அணைத்த நொடியிலேயே அவளுக்கு மொழியே போய்விட்டது. யார் கையும் தெரியாது, யார் உதடும் தெரியாது. மற்றவர்களுக்கு இருட்டு மட்டும்தான், அவளுக்கு இருட்டும் மௌனமும் சேர்ந்து. அவள் பெயர்ப்பாளரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றதை, திரும்ப டார்ச் போட்டபோதுதான் பார்த்தேன். இத்தனை வருட அனுபவத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை.

மறுநாள் அவளிடமே கேட்டோம். அவளும் அறைத் தோழிகளும் உட்கார்ந்து பேசி, கையை ஒரு முறை அழுத்தினால் நில், இரண்டு முறை என்றால் நட, மூன்று முறை என்றால் கேளு, பாரு, ஏதோ இருக்கிறது என்று வைத்தார்கள். நீளமாகப் பேச வேண்டி வந்தால் கை மேல் மட்டும் விழும்படி சிவப்பு டார்ச், சிவப்பு வெளிச்சம் இருட்டுப் பார்வையை அவ்வளவாகக் கெடுக்காது. அன்றிரவு மறுபடி போனோம், பதினான்கு பேரும் கைகோத்து, ஒரு வார்த்தை இல்லாமல். அத்தனை வருடத்தில் ஆந்தை எங்களுக்கு அவ்வளவு பக்கத்தில் வந்து உட்கார்ந்தது அன்றுதான். முதலில் பார்த்தவள் அவள். மூன்று அழுத்தல் வரிசையில் கை கையாக வந்து என்னிடம் கடைசியாக வந்தது. அதற்கப்புறம் எந்தப் பிள்ளை வந்தாலும் வராவிட்டாலும் எங்கள் இரவு நடை அந்த முறையில்தான்.

---

சுண்ணாம்புக்கட்டி எழுதியது:

மரப்பட்டை எழுதியதை அப்படியே ஏற்கிறேன். ஆசிரியராக நாலைந்து முறை பிள்ளைகளோடு போனவள் என்ற முறையில் ஓர் எச்சரிக்கை சேர்க்கிறேன்.

காட்டின் பன்மையையும் மனிதர்களின் பன்மையையும் ஒரே மூச்சில் பேச எல்லோருக்கும் ஆசை. "பாருங்கள் பிள்ளைகளே, காட்டில் எத்தனை விதமான மரம், அதுபோலத்தான் நாமும்." கேட்க அழகு. ஓரளவு வரை ஓடும். 1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்ததற்கு ஒரு காரணம், ஏழை மக்கள் பெரும்பாலும் ஒரே ரகத்தை நம்பியிருந்ததும், வந்த நோயைத் தாங்கும் திறன் அந்த ரகத்துக்கு இல்லாததும்தான். சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். தானியத்தையும் மாட்டையும் அந்த நேரத்திலும் கப்பலில் ஏற்றுமதி செய்துகொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் நான் சொல்வேன். ஒரே ரகம் ஏன் ஆபத்து என்று காட்ட அது நல்ல கதை.

ஆனால் அதே மூச்சில் அடுத்த பாடம் ஆக்கிரமிப்புச் செடிகள். ஒருமுறை பயிற்றுநர் ஒரு கொடியைக் காட்டி, "இது வெளியிலிருந்து வந்தது, நம்ம செடிகளோட இடத்தைப் பிடிச்சுக்கும், அதனால பிடுங்கிப் போடறோம்" என்றார். நல்ல மனிதர்தான், நல்லெண்ணத்தில்தான் சொன்னார். என் வகுப்பில் அந்த வருடம் வேறு நாட்டிலிருந்து வந்து சேர்ந்த ஒரு பையன் இருந்தான். பின்னாலிருந்து ஒரு குரல், "அப்போ இவனையும் பிடுங்கிடலாமா சார்?" எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்று மாலை அதே கொடியிடம் திரும்பப் போனோம். அது வந்த ஊரில் அதைத் தின்ன பூச்சி இருந்தது, இங்கே இல்லை, அதனால் அடங்காமல் படர்கிறது என்று பேசினோம். வெளியிலிருந்து வந்த செடிகளில் பெரும்பாலானவை யாருக்கும் தொந்தரவு செய்யாமல் இருக்கின்றன என்றும் சொன்னோம். கடைசியில் நான் வெளிப்படையாகவே சொன்னேன்: "செடிக்குச் சொன்ன நியாயத்தை மனுஷனுக்குச் சொல்லக்கூடாது. மனுஷன் ஒரே இனம், எங்கே பிறந்தாலும்." பிள்ளைகளுக்குப் புரிந்தது. அந்தக் குரல் கொடுத்த பையன் மறுநாள் தன் கையுறையைக் கழற்றி இவனிடம் கொடுத்தான், மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

---

சும்மா வாசிப்பவன் எழுதியது:

போன் இல்லாததைப் பற்றி யாரும் பேசவில்லையே. கலிஃபோர்னியாவில் செய்த ஓர் ஆய்வு 2014-இல் வெளிவந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 51 பேர் திரை எதுவும் இல்லாமல் ஐந்து நாள் இயற்கை முகாமில் இருந்தார்கள், அதே பள்ளியில் 54 பேர் வழக்கம்போல் வீட்டிலிருந்தார்கள். போவதற்கு முன்னும் பின்னும் முகங்களின் படத்தைக் காட்டி, இவர் என்ன உணர்கிறார் என்று கேட்டார்கள். முகாம் போனவர்கள் மற்றவர்களைவிட நன்றாகவே முன்னேறியிருந்தார்கள்.

ஆனால் இதை வைத்துக்கொண்டு போனைத் திட்ட ஆரம்பிக்காதீர்கள். ஐந்து நாள் ஒரு கூட்டத்தோடு உண்டு உறங்கினால் முகம் படிக்கத்தானே வேண்டும். திரை இல்லாததாலா, ஆட்கள் இருந்ததாலா என்று அந்த ஆய்வில் பிரித்துச் சொல்ல முடியாது. 51 பேர் என்பதும் சின்ன எண்ணிக்கை.

பணம் பற்றியும் ஒன்று. அமெரிக்காவில் ஒரிகன் மாநிலத்தில் 1957-இலிருந்தே இந்த ஒரு வார அவுட்டோர் ஸ்கூல் வழக்கம். காசு இல்லாத பள்ளிகள் நாளைக் குறைத்தன, சில நிறுத்தின. 2016-இல் மக்களே வாக்களித்து, லாட்டரி வருமானத்தில் ஒரு பங்கை ஐந்தாம் அல்லது ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் போக ஒதுக்கவைத்தார்கள். கட்டணம் கட்ட முடிந்த பிள்ளைகள் மட்டும் போகும் முகாமில் பன்மைப் பாடம் நடத்துவதைவிட இது எவ்வளவோ மேல். உங்கள் மகள் வகுப்பில் வராமல் நிற்கப்போகிற பிள்ளை யார், ஏன் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

---

இரண்டு பையன்களின் அப்பா எழுதியது:

இன்னொன்று விட்டுப்போயிற்று, வெளியே பேச எல்லோரும் கூச்சப்படுகிற விஷயம். தூக்கத்தில் படுக்கை நனைப்பது. பத்து வயதில்கூட ஏறக்குறைய இருபதில் ஒரு பிள்ளைக்கு அது இருக்கும். சின்னவனுக்கு இருந்தது. முன்கூட்டியே பொறுப்பாளரிடம் தனியாகச் சொல்லிவிட்டோம். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை, கீழ்ப் படுக்கை கொடுத்து, மாற்றுத் துணியைத் தூக்கப்பையின் அடியிலேயே வைக்கச் சொல்லி, காலையில் எல்லோரையும் முகம் கழுவ அனுப்பிவிட்டு அவரே பார்த்துக்கொண்டார். மருந்து, ஒவ்வாமை, மாதவிடாய் எதுவாக இருந்தாலும் அப்படிச் சொல்லிவிடுங்கள். 11 வயதுப் பெண்ணுக்கு அங்கே முதல்முறையாகவும் வரலாம், பையில் தேவையானதை வைத்து, யாரிடம் கேட்பது என்றும் அவளிடம் சொல்லி அனுப்புங்கள்.

---

ஆறாம் வகுப்பு அம்மா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இரண்டு நாளாக இதையே படித்துக்கொண்டிருக்கிறேன். இன்று பள்ளிக்குப் போன் செய்தேன். பூட்ஸும் மழைக்கோட்டும் அங்கேயே கொடுக்கிறார்களாம். தட்டு கழுவுவது பிள்ளைகள்தான். அறைகளைப் பற்றிக் கேட்டதும் கொஞ்சம் தயங்கி, "ஒரு பள்ளிக்கு ஓர் அறை, அதுதான் வசதி" என்றார்கள். கலந்து போட முடியுமா என்று கேட்டேன், கேட்டுச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். வகுப்பில் இரண்டு பிள்ளைகள் வரவில்லையாம். ஒன்று பணம், அதற்குப் பெற்றோர் சிலர் சேர்ந்து ஏதாவது செய்யலாமா என்று பார்க்கிறோம், யார் கொடுத்தது என்று தெரியாத மாதிரி. இன்னொரு பிள்ளையின் வீட்டில் பயம். அவர்களுக்கு இந்தப் பக்கத்தைத்தான் அனுப்பியிருக்கிறேன்.

மரப்பட்டை சார், இரவு நடைக் கதையை மகளிடம் வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி விளக்கை அணைத்த பிறகு என் கையைப் பிடித்து மூன்று முறை அழுத்தினாள். என்னடி என்றேன், "ஜன்னல்ல பல்லி" என்றாள். இன்று காலையில் அவளாகவே டார்ச்சை எடுத்து வைத்துக்கொண்டு, இதை எப்படிச் சிவப்பாக்குவது என்று கேட்கிறாள். சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் கண்ணாடியில் தீட்டினால் போதுமா?

---

மரப்பட்டை எழுதியது:

ஸ்கெட்ச் பேனா அழிந்துவிடும். பரிசுப்பொருள் சுற்றும் சிவப்புக் கண்ணாடித்தாள் கிடைக்கும், அதை இரண்டு மூன்று மடிப்பாக மடித்து ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கச் சொல்லுங்கள். ஒரு மடிப்பு மட்டும் வைத்தால் வெளிச்சம் இன்னும் அதிகமாகவே இருக்கும். அறை விஷயத்தை விட்டுவிடாதீர்கள், அடுத்த வாரம் இன்னொரு தடவை கேளுங்கள். அப்புறம் நான் சார் இல்லை, அக்கா.